ஏழு பேர் கையில் உயிர்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் இருமுறையோ மும்முறையோ செய்யப்படும் டயாலிசிஸ், இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை வந்துவிட்டது. அதற்கு வழி திறந்த அமெரிக்க மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரை மருத்துவ மாணவர்கள் அறிவார்கள். அவரது கண்டுபிடிப்பின் விளைவாக உருவான ஒரு குழுவின் கதையை மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும். மருத்துவமனைகளில் நெறிமுறைக் குழு என ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வியின் வேர்களுள் ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது.

ஸ்கிரிப்னர் 1921-இல் சிகாகோவில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் முடித்து, மேயோ மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1951-இல் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செயற்கைச் சிறுநீரகம் அவருக்கு முன்பே இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், 1943-இல் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் அதை உருவாக்கியிருந்தார். ஆனால், ஒவ்வொரு முறையும் தமனியையும் சிரையையும் புதிதாக அறுத்துக் குழாய் செருக வேண்டும். சில முறைகளுக்குப் பின் அறுக்க ரத்தக்குழாய் மிஞ்சாது. ஆகவே, தற்காலிகமாகச் செயலிழந்த சிறுநீரகம் தேறும்வரை மட்டுமே அந்த இயந்திரம் பயன்பட்டது.

ஸ்போகேன் நகரிலிருந்து வந்த ஒரு நோயாளி ஸ்கிரிப்னரின் சிகிச்சையில் நன்கு தேறினார். பிறகுதான், அவருடைய சிறுநீரகங்கள் இனி ஒருபோதும் இயங்கா எனத் தெரிந்தது. இறப்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நினைவு ஸ்கிரிப்னரை விடவில்லை. பின்னர் ஓர் இரவில் உறக்கம் கலைந்து எழுந்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. குழாய்களைக் கையிலேயே நிலையாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒரு வளைகுழாயால் இணைத்துவிட்டால், ரத்தம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? எதுவும் எளிதில் ஒட்டாத டெஃப்லான் அதற்கு ஏற்றதாக அமைந்தது. வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர் அதை வடிவமைத்துத் தந்தார். 1960 மார்ச்சில், போயிங் நிறுவனத்தின் இயந்திரத் தொழிலாளி கிளைட் ஷீல்ட்ஸுக்கு அந்த இணைப்பு பொருத்தப்பட்டது. சில வாரங்களில் இறந்திருக்க வேண்டிய அவர், மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பற்றாக்குறை என்பதைப் பாடத்தின் முதல் நாளிலேயே விளக்கிவிடுவது என் வழக்கம். ஸ்கிரிப்னரின் வாழ்க்கையைப் படித்த பின், அந்த விளக்கத்தோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு பொருள் இல்லாத வரை அதற்குப் பற்றாக்குறையும் இல்லை. 1960-க்கு முன் இந்த நோயாளிகள் நோயால் இறந்தார்கள். அதற்குப் பின் இடமில்லாததால் இறந்தார்கள். முன்னதை விதி என்று சொல்லிவிடலாம். பின்னதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

செலவுக்கு அஞ்சிய பல்கலைக்கழக மருத்துவமனை, மேலும் நோயாளிகளை ஏற்க மறுத்தது. எனவே, 1962 ஜனவரியில் ஸ்வீடிஷ் மருத்துவமனை வளாகத்தில் தனியாக ஒரு மையம் தொடங்கப்பட்டது. உலகின் முதல் புறநோயாளி டயாலிசிஸ் மையம் அதுவே. தொடக்கத்தில் இருந்தவை மூன்று படுக்கைகள். யாருக்கு இடம் என்பதை மருத்துவர்கள் மட்டுமே முடிவு செய்யலாகாது என ஸ்கிரிப்னரும் உடன் இருந்தோரும் கருதினர். மாவட்ட மருத்துவச் சங்கம் ஏழு பேர் கொண்ட குழுவை நியமித்தது. ஒரு வழக்குரைஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். ஊதியம் கிடையாது. அவர்களின் பெயர் வெளியிடப்படவில்லை. நோயாளிகளின் பெயரும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

மருத்துவத் தகுதியை வேறொரு குழு முன்பே சலித்துவிடும். எஞ்சியவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க இந்த எழுவருக்கு எந்த அளவுகோலும் தரப்படவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவரா, 45 வயதுக்கு உட்பட்டவரா என்பதில் தொடங்கி, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், கல்வி, தொழில், தேவாலய ஈடுபாடு, எதிர்காலத்தில் சமூகத்துக்குப் பயன்படும் வாய்ப்பு என அவர்களே ஒரு பட்டியல் அமைத்துக்கொண்டனர். சேமிப்பு உள்ளவர் இறந்தால் அவர் குடும்பம் சமூகத்துக்குச் சுமையாகாது. ஆகவே, சேமிப்பில்லாதவருக்கு முன்னுரிமை தரலாமா என்ற கேள்விகூட எழுந்தது. அப்படியானால் சிக்கனமாக வாழ்ந்ததற்குத் தண்டனையா என்று உடனே மறுப்பும் எழுந்தது. வகுப்பறையில் இதை விவாதப் பொருளாக வைத்தால் மாணவர்கள் ரசிப்பார்கள். அந்த அறையிலோ ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் ஒருவர் உயிர் இருந்தது.

1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய நீண்ட கட்டுரை, இந்தக் குழுவை நாடறியச் செய்தது. கண்டனங்கள் குவிந்தன. சமூகத்தோடு ஒத்துப்போகாமல் தனித்து வாழ்ந்த தோரோ போன்ற எழுத்தாளர் இவர்கள் முன் வந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது எனச் சட்ட அறிஞர்கள் எழுதினர். நடுத்தர வர்க்கத்தினர் தம்மைப் போன்றவர்களையே காப்பாற்றினர் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும், அந்த எழுவரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மதிப்பு எவ்வளவு என்று அவர்களைக் கேட்டதுதான் பிழை. அதைவிட, படுக்கைகளின் எண்ணிக்கை இயற்கை விதித்த எல்லையும் அல்ல. எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று வேறு யாரோ எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, முடிவு அது. அந்த முடிவின் பாரத்தை ஏழு பேர் தோளில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் தள்ளி நின்றனர்.

1964-இல் பதின்வயதுப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் குடும்பத்துக்கு, ஸ்கிரிப்னரோடு பணியாற்றிய ஆல்பர்ட் பாப் என்ற அணுப் பொறியியல் பேராசிரியர் நண்பர். அவரது குழு சில மாதங்களில் வீட்டிலேயே இயக்கத்தக்க இயந்திரத்தை உருவாக்கியது, பெண் பிழைத்தார். வீட்டு டயாலிசிஸ் இப்படித்தான் வேரூன்றியது. அறிமுகம் என்பதும் ஒரு பங்கீட்டு முறைதான். பாடநூல்கள் அதைப் பட்டியலிடுவதில்லை. அதே ஆண்டில் ஸ்கிரிப்னர் தம் துறையினரின் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். இயந்திரங்களை விட்டுவிட்டு, நோயாளியைத் தேர்ந்தெடுப்பது, சிகிச்சையை நிறுத்தும் உரிமை, கண்ணியமான இறப்பு ஆகியவற்றைப் பேசினார். அன்றைய மருத்துவர்கள் பொதுவெளியில் தவிர்த்த பொருள்கள் அவை.

1971-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் செய்து காட்டப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், ஏறத்தாழ எல்லாச் சிறுநீரக நோயாளிகளின் செலவையும் அரசே ஏற்க வழிசெய்தது. 1973 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்ததும் தேர்வுக் குழுக்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. செலவு முதலில் கணித்ததைப் பன்மடங்கு தாண்டியது. இருப்பினும், மீண்டும் எழுவரை அமர்த்தலாம் என்று எவரும் வாதிட்டதாக நான் படித்ததில்லை.

இன்றைய மருத்துவமனை நெறிமுறைக் குழுவில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், சட்டம் அறிந்தவர், மதகுரு, பொதுமக்களில் ஒருவர் என ஏறக்குறைய அதே கலவை இருக்கிறது. ஆனால், பெயர் மறைத்து உயிர்களைத் தரம் பிரிப்பது அதன் வேலையன்று. நோயாளியின் விருப்பம் என்ன, குடும்பமும் மருத்துவரும் எங்கே முரண்படுகின்றனர் என்பதைக் கேட்டு ஆலோசனை கூறுவதே அதன் பணி.

ஸ்கிரிப்னர் சியாட்டிலில் ஏரியில் மிதக்கும் படகு வீட்டில் வாழ்ந்தார். பல்கலைக்கழகத்துக்குச் சிறு துடுப்புப் படகில் போய்வருவார். முதுமையில் அவரை வருத்தியது வேறொன்று. அரசுப் பணம் உறுதியானதும் லாப நோக்குள்ள நிறுவனங்கள் டயாலிசிஸுக்குள் நுழைந்தன. சிகிச்சை நேரம் சுருங்குவதை அவர் இறுதிவரை கண்டித்தார். 2002-இல் கோல்ஃபுடன் சேர்த்து அவருக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில், தம் 82-ஆம் வயதில், அந்தப் படகு வீட்டருகே ஏரி நீரில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது.