ஆணியில் தொங்கிய ரப்பர்

ஜெர்மனியில் ஒரு போர்ஷே 911 வைத்திருக்கிறவர் பெரும்பாலும் ரெண்டு செட் டயர் வைத்திருப்பார். அக்டோபர் வந்தால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார். ஈஸ்டர் முடிந்ததும் பழையபடி மாற்றுவார். நம்ம பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பாங்க. சித்திரை வெயிலில் தார் ரோடு இளகுகிற ஊர் இது. மார்கழி விடியக்காலத்துக்குக்கூட தலையில் ஒரு துண்டு கட்டினால் போதும். ஆனாலும் ஆட்டோமொபைல் பற்றிப் பேச உட்கார்ந்தால் நம்ம பசங்க ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. கோடி ரூபாய் காருக்குக் கம்பெனிக்காரன் உலகத்திலேயே நல்ல டயரைத்தானே போட்டு அனுப்புறான், அப்புறம் பனிக்காலத்துக்கு எதுக்குத் தனி டயர்? பட்டன் ஆழமா இருக்கணும் என்பதற்காகவா?

பட்டனும் ஒரு காரணம்தான். முதல் காரணம் ரப்பர். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பித்துவிடும். ரோட்டில் பனி இல்லாவிட்டாலும், காய்ந்த தார் ரோட்டிலேயே வழுக்கும். உறைநிலைக்குக் கீழே அந்த டயரை உருட்டினால் பட்டனில் விரிசல் விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிரில் விறைக்காத, வெயிலில் உருகாத ரப்பர் வேண்டும் என்ற இந்தத் தலைவலி காரை விட மூத்தது. அதற்காகவே தன் வாழ்க்கையைத் தொலைத்தவர் சார்ல்ஸ் குட்இயர்.

பெயரைக் கேட்டதும் டயர் கம்பெனி முதலாளி என்று நினைக்க வேண்டாம். அவர் காலத்தில் காரே கிடையாது.

1800 டிசம்பர் 29-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பொத்தான், பண்ணைக் கருவிகள் செய்து விற்றவர். மகனும் அதே தொழிலில் இறங்கி, ஃபிலடெல்ஃபியாவில் இரும்புச் சாமான் கடை போட்டார். கடனுக்குச் சரக்கு கொடுத்தார், வரவேண்டியது வரவில்லை, 1830-ல் கடை திவால். அந்தக் காலத்து அமெரிக்காவில் கடனைக் கட்டாவிட்டால் ஜெயில். அதற்கப்புறம் ஜெயிலுக்குப் போவதும் வருவதும் அவருக்குப் பழகிப்போனது.

1834-ல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடைக்குப் போனார். தண்ணீரில் மூழ்காமல் காக்கும் ரப்பர் மிதவை ஒன்று அங்கே விற்பனைக்கு இருந்தது. அதில் காற்றடைக்கிற வால்வு மட்டமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. நல்ல வால்வு ஒன்று செய்து கம்பெனிக்கே விற்கலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தார். மேலாளர் வால்வைக் குறை சொல்லவில்லை. குறை ரப்பரில்தான் என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்கைக் காட்டினார். கோடை வெயிலில் உருகி, பிசுபிசுத்து, நாற்றமெடுத்த குவியல்.

அன்றைய ரப்பரைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வகம் தேவையில்லை, கரிசக்காடு போதும். ஐப்பசி மழையில் கரிசல் மண்ணில் கால் வைத்தால் செருப்பை விடாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் மட்கார்டுக்குள் அடைத்து சக்கரம் சுற்றாது. அதே மண் கோடையில் கல்லாகி, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருவம் மாறினால் குணம் மாறும் பொருள். பச்சை ரப்பரும் அதே ஜாதி, ஆனால் தலைகீழாக: வெயிலில் பிசின், குளிரில் கட்டை. பாஸ்டன் பக்கத்து ஜனங்கள் ரப்பர் செருப்பு, ரப்பர் கோட்டு என்று ஆசையாக வாங்கினார்கள். அடுத்த பருவம் வந்ததும் தூக்கி எறிந்தார்கள். ரப்பர் கம்பெனிகள் வரிசையாக மூடப்பட்டன.

சந்தையே செத்துப்போன அந்த நேரத்தில்தான் குட்இயர் ரப்பரைக் கையில் எடுத்தார். வேதியியல் படித்தவர் இல்லை. ஆய்வுகளை ஆரம்பித்த இடமே ஃபிலடெல்ஃபியா ஜெயில்தான். மனைவி கிளாரிஸாவிடம் பூரிக்கட்டை மாதிரியான உருட்டுக்கட்டையைக் கேட்டு வாங்கி, ரப்பரைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒட்டுகிற சாமானில் காய்ந்த பொடியைக் கலந்தால் ஒட்டாது என்பது அவர் கணக்கு. மக்னீசியாவைக் கலந்தார். வெள்ளைத் தோல் போல அழகாக வந்தது. வெளியே வந்து, குளிர்காலம் முழுக்கக் குடும்பமே உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் ரப்பர் காலணி செய்தார்கள். கோடை வந்தது, அத்தனையும் இளகிக் கூழானது.

பிறகு சுண்ணாம்பு. அது ஒரு சொட்டு புளிப்பு பட்டாலே வீணானது. பிறகு நைட்ரிக் அமிலம். ரப்பரின் மேல் பூசியிருந்த வெண்கலப் பொடியை எடுக்க அமிலத்தை ஊற்ற, மேல்பரப்பு வழவழவென்று ஒட்டாமல் ஆனது. இதோ கிடைத்துவிட்டது என்று தொழிற்சாலை வரைக்கும் போனார். 1837 பொருளாதார வீழ்ச்சியில் பணம் போட்டவர் கவிழ்ந்தார். குடும்பம் ஸ்டேட்டன் தீவில் மூடிக்கிடந்த ரப்பர் தொழிற்சாலை ஒன்றுக்குள் குடியேறி, கடலில் பிடித்த மீனைத் தின்று நாள் கழித்தது. ஆனாலும் அரசாங்கத்திடமிருந்து 150 தபால் பைகளுக்கு ஆர்டர் வாங்கிவிட்டார். பைகளைச் செய்து ஓர் அறையில் தொங்கவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால், மேலே நல்ல தோலாக இருந்த பைகள் உள்ளே பிசினாகி இற்று விழுந்துகொண்டிருந்தன. அமிலம் தோலை மட்டும்தான் மாற்றியிருந்தது.

இந்த இடத்தில் கந்தகம் வருகிறது. தீப்பெட்டி ஊர்க்காரர்களான நமக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாசசூசெட்ஸில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்த நத்தானியல் ஹேவர்ட் என்பவர், ரப்பரில் கந்தகம் தூவி வெயிலில் காயவைத்தால் ஒட்டும் தன்மை குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தார். குட்இயர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். ஆனால் வெயில் செய்த வேலையும் மேலோடு நின்றது.

1839 குளிர்காலம், வூபர்ன் என்ற ஊர். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று தவறுதலாகச் சூடான அடுப்பில் பட்டது. பச்சை ரப்பராக இருந்தால் வெல்லப்பாகு மாதிரி உருகி வழிந்திருக்கும். இது உருகவில்லை, தோல் கருகுவது போல ஓரத்தில் கருகியது. கருகிய பகுதிக்கும் கருகாத பகுதிக்கும் நடுவில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் ஒட்டாமல், இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பியது. பாடப்புத்தகம் இதைத் தற்செயல் கண்டுபிடிப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. அடுப்பில் எத்தனையோ பேர் வீட்டில் எத்தனையோ விழுந்திருக்கும். கருகலை விட்டுவிட்டு அந்த விளிம்பைப் பார்க்க ஐந்து வருஷத் தோல்வி தேவைப்பட்டது.

அதை விட எனக்குப் பிடித்தது அவர் அடுத்ததாகச் செய்தது. அந்தத் துண்டை எடுத்துப்போய், கடுங்குளிரில், சமையலறைக் கதவுக்கு வெளியே ஆணியடித்து மாட்டினார். வெயிலுக்குத் தாங்குவது அடுப்பில் தெரிந்துவிட்டது, குளிருக்குத் தாங்குமா என்பதுதான் மிச்சம். காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். ராத்திரி மாட்டும்போது எப்படி இருந்ததோ அப்படியே வளைந்தது. பனிக்கால டயருக்கு இன்றைக்கு நடக்கும் சோதனைகளுக்கெல்லாம் அந்த ஆணிதான் மூத்தது என்று சொல்லலாம்.

கண்டது உண்மைதான், ஆனால் திரும்பச் செய்யத் தெரியவில்லை. எத்தனை சூடு, எத்தனை நேரம், எவ்வளவு கந்தகம்? கிளாரிஸா ரொட்டியை எடுத்ததும் அடுப்பில் ரப்பரை வைப்பார். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்த பிறகு அடுப்பைக் கடன் கேட்பார். கடைசியில், அழுத்தத்தில் உள்ள நீராவியில் சுமார் 130 டிகிரி செல்சியஸில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வைத்தால் எல்லா இடமும் சீராக வருகிறது என்ற முடிவுக்கு வர வருஷங்கள் ஆயின.

அந்த வருஷங்களைப் பற்றி எழுதும்போது அவரைத் தியாகி என்று மட்டும் எழுத மனசு வரவில்லை. வீட்டுச் சாமான்களை விற்றார். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். 1840-ல் இரண்டு வயது மகன் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லை. பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேர் பெரியவர்களாகும் முன்பே இறந்துபோனார்கள். வேறு வேலை பார்த்திருக்கலாமே என்று அன்றைக்கே ஊரார் கேட்டிருப்பார்கள். அது நியாயமான கேள்விதான். கிளாரிஸாவிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மச்சான் முறையான ஒரு கம்பளி வியாபாரி பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். 1844 ஜூன் 15-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

சூட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். சூட்டில் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடுவதுதான் உருகல், குளிரில் வரிசையாக அடுக்கிக்கொள்வதுதான் விறைப்பு. கந்தகம் சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே பாலம் போடுகிறது. ஓடவும் முடியாது, சுலபத்தில் அடுக்கிக்கொள்ளவும் முடியாது. பஞ்சர் கடை போர்டில் வல்கனைசிங் என்று எழுதியிருக்குமே, அது இதுதான்.

அப்படியானால் குட்இயர் குளிரை 1839-லேயே ஜெயித்துவிட்டாரே, இன்னும் எதுக்குப் பனிக்கால டயர்? இங்கேதான் விஷயம். இயற்கை ரப்பர் கண்ணாடி போல இறுகுவது கிட்டத்தட்ட மைனஸ் 70 டிகிரியில். ஸ்போர்ட்ஸ் டயர் செய்கிறவர்கள் செயற்கை ரப்பர்களையும் பிசின்களையும் சேர்த்து, அந்த இறுகும் எல்லையை வேண்டுமென்றே மேலே தூக்குகிறார்கள். ரோட்டின் சொரசொரப்பில் அமுங்கி எழும்போது ரப்பர் எவ்வளவு ஆற்றலை உள்ளுக்குள்ளேயே செலவழிக்கிறதோ, அவ்வளவு பிடிப்பு கிடைக்கும். 250 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்ப அந்தப் பிடிப்பு வேண்டும். அதற்குக் கொடுக்கிற விலை குளிர். குட்இயர் தாண்டிவந்த குளிரைப் பிடிப்புக்காக நாமே திரும்ப அழைத்துக்கொண்டோம்.

பனிக்கால டயர் எதிர்த் திசையில் போகிறது. இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதல், பட்டனில் கத்தியால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னம். வெறும் எம்+எஸ் எழுத்து போதாது, அதற்குப் பனியில் ஓட்டிப்பார்த்த சோதனை அவசியமில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர் வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் கார்தானே என்று பின்னால் மட்டும் மாட்டினால், பிரேக் போடும்போது முன்சக்கரம் கேட்காது. பிரேக்கில் இடிக்காத அளவுக்கு ஒரு சைஸ் சின்ன ரிம், கொஞ்சம் ஒடுங்கிய டயர் போடுவதும் நல்ல வழக்கம், பனியை வெட்டி இறங்கும். வேகக் குறியீடு மட்டும் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் காரின் உச்ச வேகத்தை விடக் குறைந்த டயர் போட்டால், அந்த வேகத்தை டிரைவர் கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

நம்ம ஊர் மழைக்கு இதைப் போட்டால் நல்ல கிரிப் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நம்ம வெக்கையில் அது அழிரப்பர் மாதிரி தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

காப்புரிமை வந்த பிறகாவது குட்இயர் நன்றாக இருந்தாரா என்றால், இல்லை. இங்கிலாந்துக்கு அனுப்பிய மாதிரித் துண்டுகள் தாமஸ் ஹான்காக் கையில் கிடைத்தன. மேலே பூத்திருந்த மஞ்சளை வைத்துக் கந்தகம் என்று அவர் மோப்பம் பிடித்தார். குட்இயரின் விண்ணப்பம் லண்டன் போய்ச் சேர்ந்தபோது ஹான்காக் சில வாரம் முந்தியிருந்தார். பிறகு வழக்கில் தோற்று, அந்த நாட்டு உரிமை கைவிட்டுப் போனது. வல்கனைசேஷன் என்று ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரை வைத்ததுகூட ஹான்காக்கின் நண்பர்தான். அமெரிக்காவில் திருடியவர்கள் மேல் வழக்குக்கு மேல் வழக்கு. 1852-ல் டிரென்டன் நகரில் நடந்த பெரிய வழக்கில் அவருக்காக வாதாடியவர் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர். ஜெயித்தார்கள். வெப்ஸ்டரின் ஃபீஸ் 15,000 டாலர்.

வந்த பணத்தையும் அவர் பிடித்து வைக்கவில்லை. 1851 லண்டன் கண்காட்சியிலும் 1855 பாரிஸ் கண்காட்சியிலும் ரப்பராலேயே மண்டபம் கட்டிக் காட்டினார், எல்லாம் கடன். பிரெஞ்சுக் காப்புரிமை ரத்தானது, வருமானம் நின்றது, பாரிஸிலும் கடனுக்காக ஜெயில். பிரெஞ்சு அரசு கொடுத்த லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கத்தை மகன் ஜெயிலுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

1860-ல் சாகக் கிடந்த மகளைப் பார்க்கப் புறப்பட்டு நியூயார்க் வந்தார். மகள் இறந்துவிட்ட செய்தி அங்கே காத்திருந்தது. அப்படியே விழுந்தவர் ஜூலை 1-ல் இறந்தார். விட்டுப்போனது சுமார் 2 லட்சம் டாலர் கடன்.

காற்றடைத்த டயரை டன்லப் செய்தது 1888-ல். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1898-ல் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் ஒரு ரப்பர் கம்பெனி ஆரம்பித்து, இறந்தவருக்கு மரியாதையாகக் குட்இயர் என்று பெயர் வைத்தார். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் கம்பெனி விற்கும் பனிக்கால டயர் வரிசைக்கு அல்ட்ராகிரிப் என்று பெயர். பக்கச்சுவரில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மலையும் பனிப்படிகமும் கொஞ்சம் தள்ளிச் சின்னதாக.