பால் எர்லிக்

புருஷிய நாட்டு ஸைலீஷியாவில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில், 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் பால் எர்லிக் பிறந்தார். மாணவராயிருக்கும்போதே சாயங்களின்மீது பெருவேட்கை கொண்டார். ஒரு சாயம் ஓரணுவைப் பற்றி மற்றோரணுவை விடுவதேன் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் ஆண்டது. காசநோய்க்காட்பட்டு எகிப்து சென்று, உடல் தேறி 1889-ல் பெர்லின் மீண்டார்.

தொண்டை அடைப்பானால் குழந்தைகள் மடிந்த காலம் அது. 1890-ல் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டஸாட்டோவும், சிறிது சிறிதாக நஞ்சேற்றிய விலங்கின் குருதிநீரில் அந்நஞ்சை மாற்றும் எதிர்ப்பொருள் தோன்றக் கண்டனர். ஆயினும் மருந்தின் வலிமை புட்டிக்குப் புட்டி வேறுபட்டது. அதனை அளந்து நிலைப்படுத்தியவர் எர்லிக்கே. 1901-ல் நோபெல் பரிசோ பேரிங் ஒருவர்க்கே சென்றது. இதனை நாம் நேரிதென்று கொள்ளற்கில்லை. எர்லிக்குக்கு 1908-ல் மெச்னிகாவோடு பங்காகக் கிட்டிற்று.

எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது? 1897-ல் எர்லிக் விடை கூறினார். அணுவின் மேற்புறத்தே உணவைப் பற்றும் கைகள் பல உள. நஞ்சு அவற்றுள் தனக்கேற்றதில் பூட்டில் திறவுகோலெனப் பொருந்தும். அணு அக்கைகளை அளவின்றி உண்டாக்கிக் குருதியில் உதிர்க்கும். உதிர்ந்தவையே எதிர்ப்பொருள் என்றார். 1900-ல் இலண்டனில் படமாகவும் வரைந்து காட்டினார். சிறுபிள்ளை விளையாட்டென எள்ளினாரும் உளர். இயற்கையிலில்லாத செயற்கைப் பொருள்களுக்கும் உடல் எதிர்ப்பொருள் ஆக்குவதை லாண்ட்ஸ்டைனர் காட்டியபின், அக்கொள்கை கைவிடப்பட்டது. எர்லிக்கோ 1915 ஆகஸ்டு 20-ல் மறைந்துவிட்டார்.

1957-ல் பர்னெட் அக்கொள்கையின் கருவை வேறுருவில் மீட்டார். பி-அணுவின் மேலுள்ள கை எதிர்ப்பொருளேயாம். ஆனால் ஓரணுவுக்கு ஒருவகைக் கைதான். எர்லிக் அறியாத வேறொன்றும் உண்டு. நஞ்சு கையிற் பட்டவுடன் பி-அணு பெரும்பாலும் தானே கிளர்ந்தெழாது. நஞ்சை விழுங்கிச் சிதைத்துத் துண்டொன்றை வெளியே ஏந்திக் காட்டும். அத்துண்டை இனங்காணும் உதவி டி-அணு வந்தணைந்து இசைவு தந்த பின்னரே, பி-அணு பல்கிப் பெருகி எதிர்ப்பொருளைப் பொழியும். 1966-ல் கிளாமனும் துணைவரும், கதிரியக்கத்தால் தற்காப்பிழந்த எலிகளுக்குத் தைமஸ் அணுக்களையும் எலும்பு மச்சை அணுக்களையும் தனித்தனியே செலுத்தியபோது பயன் சிறிதாகவும், சேர்த்துச் செலுத்தியபோது மிகுதியாகவும் இருக்கக் கண்டனர்.

இவ்விசைவு எதற்கு? உடல் தன்னைத் தானே தாக்கா வண்ணம் ஏதோவொரு காப்பு இருத்தல் வேண்டுமென எர்லிக் 1901-லேயே துணிந்திருந்தார். டி-அணுவின் இசைவு அக்காப்புகளுள் ஒன்று. அது பிழைபடுமிடத்து, உடல் தன் உறுப்பையே பகையென எண்ணி எதிர்ப்பொருளை ஏவுகின்றது.