கூட்டாளியோடு கடலில் இறங்கியவர்



கோலா கங்சாரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அடியில் போன மனிதரைப் பற்றி எழுதுவது என்ன பொருத்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த தண்ணீர் பேராக் ஆற்றுத் தண்ணீர். கடலைப் பார்க்க வேண்டுமானால் லூமுட்டுக்கு பஸ் ஏற வேண்டும். ஆனாலும் ஒரு சம்பந்தம் உண்டு. நம் ஊர் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கிறதே ஒரு கிழட்டு ரப்பர் மரம், அது 1877-ல் இங்கே நடப்பட்ட கன்றுகளில் ஒன்று. அந்த ஜாதி மரத்தின் பாலில்தான், நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து உளி போட்டு மங்கில் பிடித்த அந்தப் பாலில்தான், அன்றைய முக்குளிப்பாளரின் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாத்துக்கால் போன்ற காலணியும் செய்யப்பட்டன. கடலின் அடியைப் பார்த்தவர்கள் முகத்தில் நம்மவர் உழைப்பும் ஒட்டிக்கொண்டுதான் போயிற்று.

அப்படிக் கடலில் இறங்கியவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதை எழுதியவர் என்றே உலகம் இவரை அறியும். இவர் இலங்கையில் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதும், நம் திருக்கோணமலைக் கடலில் மூழ்கினார் என்பதும் பலருக்குத் தெரியாது.

1917-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ல் இங்கிலாந்தில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் விவசாயி. கிளார்க்குக்கு 13 வயதாக இருக்கும்போது, 1931-ல், தகப்பனார் கண்ணை மூடினார். தாயார் பண்ணையைக் கவனித்து, குதிரையேற்றம் சொல்லிக் கொடுத்து, நான்கு பேரையும் வளர்த்தார். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையன் படிப்பில் கெட்டிக்காரன். தானே தொலைநோக்கி செய்து நிலாவைப் பார்த்துப் படம் வரைந்தவன். ஆனால் பல்கலைக்கழகம் போகப் பணம் இல்லை. 1936-ல் லண்டனுக்குப் போய், அரசாங்கக் கல்வி இலாகாவில் கணக்குத் தணிக்கை செய்யும் குமாஸ்தாவாக உட்கார்ந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. விமானப்படையில் சேர்ந்து, மூடுபனியிலும் விமானத்தைத் தரையிறக்க உதவும் ரேடார் கருவியில் வேலை பார்த்தார். 1945 அக்டோபரில் ஒரு வானொலிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோளை நிறுத்தினால், அது பூமியோடு கூடவே சுற்றும். கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1996-லிருந்து நம் வீட்டுக் கூரைகளில் அஸ்ட்ரோ தட்டு ஏறியதே, அது அண்ணாந்து பார்ப்பது அந்த உயரத்தைத்தான். இந்த யோசனைக்கு அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகுதான் படிக்கப் போனார். 1948-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணக்கிலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறியபோது அவருக்கு வயது 30. இனிமேல் படித்து என்னாகப் போகிறது என்று அலுத்துக்கொள்ளும் அண்ணன்மார்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடலுக்கு ஏன் வந்தார்? காரணம் எளிமையானது. விண்வெளியில் மனிதனுக்கு எடை தெரியாது. அந்த அனுபவத்தை ராக்கெட் இல்லாமல் பூமியிலேயே பெற ஓர் இடம் உண்டென்றால் அது தண்ணீருக்கு அடியில்தான். அதற்கு வழியும் அப்போது திறந்திருந்தது. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் ஒரு கருவி செய்தார்கள். முதுகில் அழுத்திய காற்று நிரப்பிய சிலிண்டர். வாயில் ஒரு கவ்வி. இரண்டுக்கும் நடுவே, மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அழுத்தத்துக்குச் சரியாகக் காற்று விடும் ஓர் அடைப்பான். ஸ்கூபா என்று இன்று சொல்வதன் மூலம் இதுதான். கூஸ்தோவும் தனியாளாக இறங்கவில்லை. தைலியே, டூமா என்ற இரண்டு கூட்டாளிகள் ஆரம்பத்திலிருந்தே அவரோடு இருந்தார்கள்.

கிளார்க்குக்குக் கிடைத்த கூட்டாளி மைக் வில்சன். கிளார்க்கை விட வயதில் மிகவும் இளையவர், தண்ணீரில் மீன் மாதிரி. இவர் யோசிக்கிறவர், அவர் பாய்கிறவர். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பார்க்க 1954 டிசம்பரில் கிளார்க் கப்பலேறினார். கப்பல் வழியில் கொழும்பில் கொஞ்ச நேரம்தான் நின்றது. அதற்குள் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் வேலை பார்த்த ராட்னி ஜாங்க்ளஸ் என்ற உள்ளூர் முக்குளிப்பாளரைச் சந்தித்தார். இலங்கைக் கடலின் மீன்களையும் பாறைகளையும் வீட்டு முற்றம்போல் அறிந்தவர் ஜாங்க்ளஸ். அந்தச் சில மணி நேரச் சந்திப்பு ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1955-ல் ஆஸ்திரேலியக் கடலில் வில்சனோடு மூழ்கிய கிளார்க், 1956-ல் இலங்கைக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான், கடைசி வரை அதுவே அவருக்கு வீடு.

அந்த ஆண்டிலேயே நண்பர்கள் திருக்கோணமலையில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அங்கே மலை உச்சியில் இருந்ததும், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் அதை இடித்ததும், கற்களைக் கோட்டை கட்ட எடுத்ததும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலையடியில், அலை மோதும் ஆழத்தில், செதுக்கிய தூண்களும் கற்களும் கிடப்பதை இவர்கள் கண்ணால் கண்டார்கள். கிளார்க் இதை 1957-ல் புத்தகமாக எழுதினார். பிற்பாடு வில்சன் கடலடியிலிருந்து எடுத்த சிவலிங்கம் கோயிலுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு சம்பவம் 1961-ல். இலங்கையின் தென்கிழக்கு மூலையில், கதிர்காமம் இருக்கும் அந்தப் பக்கத்துக் கரைக்கு வெளியே, கிரேட் பாசஸ் என்ற பாறைத்திட்டு உண்டு. வில்சன் அங்கே படம் பிடிக்கப் போனபோது ஒரு பழைய கப்பலின் சிதைவு தட்டுப்பட்டது. பீரங்கிகளோடு, கட்டிகட்டியாக வெள்ளிக் காசுகள்! ஒரு கட்டியில் சுமார் 1,000 காசு ஒட்டிக்கிடந்தது. ஔரங்கசீப் காலத்தில், 1702 வாக்கில், சூரத்தில் அடித்த ரூபாய்கள் அவை. கண்டவர் தனியாகவே அமுக்கியிருக்கலாம். வில்சன் நேரே கிளார்க்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாருங்க, கூட்டாளி என்றால் இதுதான்.

ஆனால் அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1962-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கி கிளார்க் படுத்த படுக்கையானார். கை கால் அசையவில்லை. 44 வயது மனிதர் குழந்தையைப் போல மறுபடியும் எல்லாவற்றையும் பழக வேண்டியிருந்தது. பொறுமையாகப் பழகினார், தேறிக் கடலுக்கும் திரும்பினார். தரையில் தடுமாறிய கால்களுக்குத் தண்ணீர் தடை சொல்லவில்லை. எடை தெரியாத அந்த இடத்தில் அவரும் மற்றவர்களும் சமம். 1988-ல் அந்த நோயின் பின்விளைவு திரும்பத் தலைகாட்ட, கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். அப்போதும் எழுத்தை நிறுத்தவில்லை. ஹிக்கடுவையில் அவர் நண்பர்களோடு வைத்திருந்த முக்குளிப்பு நிலையத்தை 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்துப் போயிற்று. 2008 மார்ச் 19-ல், 90 வயதில், கொழும்பில் காலமானார்.

வில்சன் என்ன ஆனார் தெரியுமா? 1962-ல் வெளிவந்த, சிங்களத்தின் முதல் வண்ணப் படத்தை இயக்கினார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதிர்காம முருகனின் அடியாராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு வாழ்ந்து 1995-ல் மறைந்தார். கூட்டாளிகள் இருவரும் வெவ்வேறு பாதையில் போனார்கள். ஆனால் ஒருவர் மூச்சை ஒருவர் காத்த காலம் பொய்யாகிவிடுமா?

சரி, இதில் நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே, முதலில் உங்களிடம் பேசுகிறேன். தண்ணிப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். காரணம் உண்டு. ஆற்றிலும், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் பயத்தை மட்டும் கொடுத்தால், பிள்ளை நமக்குத் தெரியாமல் போய்க் குதிப்பான். நீச்சலையும் ஒழுங்கையும் கொடுத்தால், எங்கே இறங்கக் கூடாது என்று அவனுக்கே தெரியும். ஆகவே முதல் படி ஸ்கூபா அல்ல, நீச்சல். எந்த முக்குளிப்புப் பள்ளியும் முதலில் கேட்பது, 200 மீட்டர் நிற்காமல் நீந்துவாயா, 10 நிமிடம் மிதப்பாயா என்பதைத்தான்.

அடுத்த படி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு, ஆழமில்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மேலிருந்து பார்த்துப் பழகுவது. மூன்றாவதுதான் முறையான பயிற்சி. 10 வயதிலிருந்தே சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. முதலில் வகுப்பு, பிறகு குளம், பிறகு கடலில் நான்கு முறை. தேறினால் பெரியவர்கள் 18 மீட்டர் வரை இறங்கலாம். காது, நெஞ்சு, ஆஸ்துமா போன்ற தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பயிற்சி நடக்கிறது. ஆண்டு இறுதி மழைக்காலத்தில் கிழக்குக் கரைக்குப் போக வேண்டாம். செலவு கொஞ்சம் அதிகம்தான். வேலைக்குப் போன பிறகு சேர்த்துவைத்துப் போனாலும் தாமதமாகிவிடாது. கிளார்க்கே 30 வயதுக்கு மேல்தான் இறங்கினார்.

மாணவர்களே, மூச்சைப் பற்றி ஒன்று. குட்டையில் குதிக்கும்போது மூச்சை அடக்குகிறோம். ஸ்கூபாவில் அது உயிருக்கே ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துபோகும். ஆகவே எப்போதும் மூச்சு விட்டுக்கொண்டே, மெள்ள மெள்ள மேலே வர வேண்டும்.

இனி கூட்டாளி. ஸ்கூபாவில் ஒரு முக்கியமான சட்டம் தனியாக இறங்காதே என்பது. இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தன் சிலிண்டரிலிருந்து கொடுக்க வேண்டும். பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, இருவரும் மேலே வந்துவிட வேண்டும். பேச முடியாததால் கைதான் பாஷை. கட்டை விரலை உயர்த்தினால் நன்று என்று அர்த்தமில்லை. மேலே போவோம் என்று அர்த்தம். விரலை வட்டமாகப் பிடித்தால்தான் நலம்.

அப்படிப்பட்ட கூட்டாளியை எங்கே தேடுவது? கூடப் பயிற்சி எடுப்பவர்களிடம், நீச்சல் சங்கத்தில், பல்கலைக்கழக முக்குளிப்புக் குழுவில். ஆழம் போனேன், சுறாவைப் பார்த்தேன் என்று அளப்பவரைத் தேடாதீர்கள். கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்பவரை, எனக்கு இன்று சரியில்லை, வேண்டாம் என்று சொல்லத் தயங்காதவரை, நீங்கள் அப்படிச் சொன்னால் கேலி செய்யாதவரைத் தேடுங்கள்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று நினைக்காதீர்கள். மன்னார்க் கடலில் நம்மவர் கல்லைக் கட்டி முத்துக் குளித்தார்களே, அங்கேயும் மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்று சொல்வார்கள். அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா, விடமாட்டான்!

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவர்களே! கைதட்டல் அடங்கியதும் உங்கள் கயிற்றைப் பிடித்திருந்தவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். கணக்குச் சொல்லிக் கொடுத்த தோழன், நாலு மணிக்கே எழுப்பிவிட்ட அம்மா, மழையிலும் பள்ளிக்கு ஏற்றிவந்த அப்பா. பரிசு வாங்காத மாணவர்களே, கயிறு பிடிப்பவர் இல்லாமல் ஒருவரும் ஆழம் போனதில்லை. உங்களுக்கும் இறங்கும் நாள் வரும். அன்றைக்கு நல்ல கூட்டாளியோடு இறங்குங்கள்.