யுனைட்டஸா, மேனிங்கா? ஒரே அணி, இரண்டு காலம்: ஒரு கறுப்பு ஷூவின் கதை

2002 செப்டம்பர் 11. அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குப் பக்கத்தில் ஓர் உடற்பயிற்சி மையத்தில் 69 வயது முதியவர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். பெயர் ஜானி யுனைட்டஸ். அந்த வாரம், சுமார் 900 கிலோமீட்டர் தள்ளியிருந்த இண்டியானாபொலிஸ் நகரின் 26 வயது வீரர் ஒருவர், லீக் நிர்வாகத்திடம் வித்தியாசமான ஓர் அனுமதி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறும் பழைய காலத்துக் கறுப்பு ஷூ போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் அது. அவர் பெயர் பெய்டன் மேனிங்.

அனுமதி கிடைக்கவில்லை. மீறிப் போட்டால் 25,000 டாலர் அபராதம் என்று பதில் வந்தது. மேனிங் போடவில்லை.

ஒரு ஷூவுக்கு ஏன் இத்தனை பெரிய விஷயம்? அந்த ஷூ யுனைட்டஸின் அடையாளம். இருவரும் ஆடியது கோல்ட்ஸ் என்ற ஒரே அணிக்கு. இருவரும் ஆடியது குவாட்டர்பேக் என்ற ஒரே இடத்தில். ஒருவர் நம்பர் 19, இன்னொருவர் நம்பர் 18. கவாஸ்கரா, டெண்டுல்கரா என்று நம்ம ஊர் டீக்கடையில் நடக்கிற வாக்குவாதம் மாதிரி, இவர்களில் யார் பெரிய ஆள் என்ற சண்டை அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை.

குவாட்டர்பேக் என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். அதற்குள் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளிகள்.

கிட்டத்தட்ட ஒவ்வொரு முயற்சியும் குவாட்டர்பேக் கையில்தான் தொடங்குகிறது. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று நொடிகளில், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்துவிட வேண்டும். தவறினால் எதிரணி பந்தைப் பிடித்துவிடும். அதுதான் இன்டர்செப்ஷன்.

நிலக்கரி வண்டி வீட்டுப் பையன்

யுனைட்டஸ் 1933 மே 7 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். லிதுவேனிய வம்சாவளிக் குடும்பம். வீடுகளுக்கு நிலக்கரி கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னத் தொழில் செய்துவந்த அப்பா, ஜானிக்கு 5 வயதாக இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வண்டியையும் நான்கு பிள்ளைகளையும் அம்மா ஹெலன் ஒரே ஆளாகச் சமாளித்தார்.

பள்ளியில் நன்றாகவே ஆடினார். ஆனால் ஆள் ரொம்ப ஒல்லி. 65 கிலோ சொச்சம்தான். அவர் ஆசைப்பட்ட நோட்டர் டேம் பல்கலைக்கழகம், இந்த உடம்பு தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் லூயிவில் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது.

1955-ல் சொந்த ஊர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது சுற்றில், 102-வது ஆளாக அவரைத் தேர்வு செய்தது. சந்தோஷம் சில வாரம்தான். பயிற்சி ஆட்டங்களில்கூட ஒரு நிமிடம் இறக்கிவிடாமல், சீசன் தொடங்கும் முன்பே அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. வீட்டை ஓட்ட வேண்டுமே? பகலில் கட்டுமான வேலைக்குப் போனார். வார இறுதியில் புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்காக, கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் மைதானத்தில் ஆடினார். ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலி.

முதல் பந்தே எதிரணி கையில்

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி நிர்வாகி டான் கெல்லட்டிடமிருந்து ஒரு போன் வந்தது. மாற்று வீரராக வந்து பார்க்கலாம் என்றார்கள். சேர்ந்தார். சில வாரங்களிலேயே சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முதன்மை வீரர் ஜார்ஜ் ஷாவின் கால் உடைந்தது. யுனைட்டஸ் களமிறங்கினார்.

அவர் எறிந்த முதல் பந்தை எதிரணி பிடித்து, நேராக ஓடி டச்டவுன் அடித்தது. அடுத்தடுத்து பந்து கைமாறும்போது நழுவியது. கோல்ட்ஸ் 58-27 என்று தோற்றது. வேறு ஆளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் பயிற்சியாளர் வீப் யூபேங்க் அவரைத் தூக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 9-ல் ஒரு டச்டவுன் எறிந்தார். அடுத்த ஆட்டத்திலும் எறிந்தார். அதற்கடுத்த ஆட்டத்திலும். 1960 டிசம்பர் வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்கள், ஒன்றில்கூட டச்டவுன் இல்லாமல் இல்லை. அந்தச் சாதனையை முறியடிக்க ட்ரூ ப்ரீஸ் என்ற வீரர் 2012-ல் வர வேண்டியிருந்தது. இடையில் ஓடியது 52 ஆண்டுகள்.

நாட்டையே டிவி முன் உட்கார வைத்த ஆட்டம்

1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். லீக் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். அந்த சீசனின் நடுவில்தான் யுனைட்டஸுக்கு விலா எலும்புகள் உடைந்து, நுரையீரலில் காயம்பட்டிருந்தது. மார்பில் பாதுகாப்புக் கவசத்தோடுதான் திரும்ப வந்து ஆடினார்.

ஆட்டம் முடிய சுமார் இரண்டு நிமிடம். ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னிலை. கோல்ட்ஸ் கையில் பந்து, ஆனால் சொந்த எல்லையிலிருந்து 14 கஜத்தில். கிட்டத்தட்ட மைதானம் முழுவதும் கடக்க வேண்டும். யுனைட்டஸ் அடுத்தடுத்து மூன்று பந்துகளை ரேமண்ட் பெர்ரி என்ற ஒரே ஆளுக்கு எறிந்தார். 25, 15, 22. மூன்றிலேயே 62 கஜம். 7 நொடி மிச்சமிருக்கும்போது ஸ்டீவ் மைரா பந்தை உதைத்துச் சமன் செய்தார்.

இது அதிர்ஷ்டம் இல்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் இந்த இருவரும் மைதானத்திலேயே இருந்து, ஒரே ஓட்டத்தை, ஒரே எறிதலைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள். பெர்ரி எந்த நொடியில் எங்கே திரும்புவார் என்பது யுனைட்டஸுக்குப் பார்க்காமலே தெரியும்.

சாம்பியன்ஷிப் வரலாற்றில் முதல் முறையாக ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 13 முயற்சிகளில் 80 கஜம் கடந்து, ஆலன் அமீச்சி கடைசி ஒரு கஜத்தை ஓடி முடித்தார். 23-17. சுமார் 4.5 கோடி பேர் டிவியில் பார்த்ததாகக் கணக்கு. அமெரிக்காவில் பேஸ்பாலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இந்த ஆட்டம், டிவிக்கேற்ற பெரிய வியாபாரமாக மாறியதற்கு அந்த மாலைப்பொழுதை ஒரு தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டும் அதே ஜயன்ட்ஸை வீழ்த்தி சாம்பியன். 1959, 1964, 1967 என மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. 1971 ஜனவரியில் டல்லஸ் அணியை 16-13 என்று வென்று சூப்பர் பவுலும் கோல்ட்ஸுக்கு வந்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் யுனைட்டஸ் பாதியிலேயே காயத்தோடு வெளியேற வேண்டியிருந்தது.

சரி, மேனிங் யார்?

மேனிங்கின் தொடக்கம் நேர் எதிர். அப்பா ஆர்ச்சி மேனிங்கும் பிரபல குவாட்டர்பேக். கல்லூரியிலேயே நட்சத்திரம். 1998-ல் நாட்டிலேயே முதல் ஆளாக அவரைத் தேர்வு செய்தது கோல்ட்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு கல்லூரி அளவில் சிறந்த குவாட்டர்பேக்குக்கான ஒரு விருதை வாங்கியிருந்தார். அந்த விருதின் பெயரே ஜானி யுனைட்டஸ் கோல்டன் ஆர்ம் விருது.

கோல்ட்ஸில் இருந்தபோது மட்டும் நான்கு முறை மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2007 பிப்ரவரியில் சிகாகோ பேர்ஸை 29-17 என்று வென்று சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார்.

நம்பர் என்ன சொல்லுது?

கோல்ட்ஸுக்காக யுனைட்டஸ் ஆடியது 206 ஆட்டங்கள், மேனிங் 208. ஏறக்குறைய சமம். அதனால் ஒப்பிடுவது சுலபம் என்று தோன்றும்.

- கோல்ட்ஸுக்காக எறிந்து கடந்த தூரம்: யுனைட்டஸ் 39,768 கஜம், மேனிங் 54,828 கஜம்
- டச்டவுன்: யுனைட்டஸ் 287, மேனிங் 399
- சரியாகப் போய்ச் சேர்ந்த பந்துகள்: யுனைட்டஸ் நூற்றுக்குச் சுமார் 55, மேனிங் சுமார் 65

இதோடு நிறுத்தினால் மேனிங்தான் என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் இருவரும் ஆடியது ஒரே ஆட்டமா என்பதுதான் கேள்வி.

யுனைட்டஸ் காலத்தில் பந்தைப் பிடிக்க ஓடும் வீரரை, பந்து எறியப்படும் வரை வழி நெடுக இடித்துத் தள்ளலாம். 1978-ல் விதி மாறியது. 5 கஜத்தைத் தாண்டினால் தொடக்கூடாது. குவாட்டர்பேக்கைப் பாதுகாக்கும் வீரர்கள் கையை நீட்டித் தடுக்கவும் அதே ஆண்டில் அனுமதி வந்தது. பாதுகாப்பு வீரர்களின் தலையில் ஓங்கி அறைந்து விலக்குவது 1977-ல்தான் தடை செய்யப்பட்டது. 2004-ல் அந்த 5 கஜ விதியை இன்னும் கறாராக அமல்படுத்தினார்கள். அந்த சீசனில்தான் மேனிங் 49 டச்டவுன் எறிந்து அன்றைய லீக் சாதனையைப் படைத்தார்.

ஆக, ஒருவரை அவர் காலத்து மற்றவர்களோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். யுனைட்டஸ் தொடங்கியபோது லீக்கில் சராசரியாகப் பாதிப் பந்துகள்தான் ஆளிடம் போய்ச் சேர்ந்தன. மேனிங் காலத்தில் அது சுமார் 60 சதவீதம். அதாவது இருவருமே தங்கள் காலத்துச் சராசரியைவிட ஏறக்குறைய ஒரே அளவு மேலே இருந்தவர்கள். 1959-ல் வெறும் 12 ஆட்டங்களில் யுனைட்டஸ் 32 டச்டவுன் எறிந்தார். ஒரே சீசனில் 30-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான்.

ஒரு விஷயத்தில் இருவரும் அச்சு அசல். அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதை யுனைட்டஸ் களத்தில் நின்று தானே முடிவெடுத்தார். பிற்காலத்தில் அந்த வேலை பயிற்சியாளர்கள் கைக்குப் போய்விட்டது. மேனிங் அதை ஓரளவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, கடைசி நொடியில் கையை ஆட்டி, கத்தி, திட்டத்தையே மாற்றுவது அவருடைய பாணி.

ராத்திரியோடு ராத்திரியாகப் போன அணி

யுனைட்டஸை 1973-ல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்கு மாற்றி அனுப்பினார்கள். 5 ஆட்டங்கள்தான் ஆடினார். 1974-ல் ஓய்வு. 40,000 கஜத்தைத் தாண்டிய முதல் குவாட்டர்பேக் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனார்.

1984 மார்ச் 28 இரவு, பனிக்கு நடுவே லாரிகள் வரிசையாக வந்து கோல்ட்ஸின் சாமான்கள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போயின. அணியை அரசே கையகப்படுத்த மேரிலாந்து மாகாணம் சட்டம் கொண்டுவர, உரிமையாளர் ராபர்ட் இர்சே முந்திக்கொண்டார். விடிந்தபோது பால்டிமோரில் அணி இல்லை. கோல்ட்ஸ் இண்டியானாபொலிஸ் அணியாகிவிட்டது.

யுனைட்டஸ் அதை மன்னிக்கவே இல்லை. தான் பால்டிமோர் கோல்ட்ஸ் ஆள், இண்டியானாபொலிஸுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றார். 1996-ல் பால்டிமோருக்கு ரேவன்ஸ் என்ற புது அணி வந்ததும், அதன் ஆட்டங்களில் மைதான ஓரம் நின்று பார்த்தார். இப்போது அவர் சிலை நிற்பதும் ரேவன்ஸ் மைதான வாசலில்தான்.

ஆக, மேனிங் முறியடித்த சாதனைகள் யாருடையவை? காகிதத்தில் ஒரே அணி. பால்டிமோர்க்காரர்களைக் கேட்டால் அது வேறு, இது வேறு.

அந்தக் கை என்ன ஆனது?

1968-ல் சீசனுக்கு முன்பே யுனைட்டஸின் வலது முழங்கையில் தசை கிழிந்தது. அந்தக் காயம் வயதான பிறகு திரும்பி வந்தது. ஒரு காலத்தில் ஒரு நாடே பார்த்து வியந்த கையின் விரல்கள் மடங்க மறுத்தன. பேனா பிடிக்க, சாப்பிட முள்கரண்டி எடுக்கத் திண்டாட்டம். கோல்ஃப் மட்டையைக் கையோடு ஒட்டும் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினார். லீக்கின் ஓய்வூதியத் திட்டத்தில் உடல் பாதிப்புக்கான உதவித்தொகை கேட்டார். ஏற்கப்படவில்லை. தொழில்களிலும் நஷ்டம்; 1991-ல் திவால் மனு கொடுத்தார்.

மேனிங்குக்கும் உடம்பு விலை கேட்டது. கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 சீசன் முழுக்க ஆட முடியவில்லை. 2012 மார்ச்சில் கோல்ட்ஸ் அவரை விடுவித்தது. ஆனால் அவருக்குக் கிடைத்த மருத்துவம், பணம், பேரம் பேசும் பலம் எதுவும் யுனைட்டஸ் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. மேனிங் டென்வர் அணிக்குப் போய், 2016-ல் இன்னொரு சூப்பர் பவுல் வென்று ஓய்வு பெற்றார்.

அப்போ யார்தான் பெஸ்ட்?

எண்ணிக்கையில் மேனிங். பாதை போட்டதில் யுனைட்டஸ். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை எறிந்தே ஆட்டத்தைப் புரட்ட முடியும் என்று நாட்டுக்கே காட்டியவர் அவர். மேனிங் ஆடிய ஆட்டத்தின் அடித்தளத்தில் யுனைட்டஸின் பங்கு இருக்கிறது. அது மேனிங்குக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஷூ கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பு ஷூ களமிறங்காமல் இல்லை. பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு அப்போது குவாட்டர்பேக்காக இருந்த கிறிஸ் ரெட்மன், அனுமதிக்கெல்லாம் காத்திருக்காமல் அதைப் போட்டுக்கொண்டு ஆடினார். அவர் படித்ததும் யுனைட்டஸ் படித்த அதே லூயிவில் பல்கலைக்கழகத்தில்தான். லீக் அவருக்கு 5,000 டாலர் அபராதம் போட்டது.