அலிக் ஐசக்ஸ்

அலிக் ஐசக்ஸ் (சூலை 17, 1921 – சனவரி 26, 1967) ஸ்காட்லாந்தில் பிறந்த பிரித்தானிய தீநுண்மவியலாளர் ஆவார். வைரசு எனப்படும் தீநுண்மம் தாக்கிய உயிரணு ஒன்று, தன் அண்டையிலுள்ள உயிரணுக்களை எச்சரிக்க வெளியிடும் புரதமான இண்டர்ஃபெரானை, சுவிட்சர்லாந்து நாட்டவரான ஜான் லிண்டன்மனுடன் சேர்ந்து 1957 ஆம் ஆண்டில் கண்டறிந்து பெயரிட்டவர். உயிரணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன்கள் என்னும் புரத வகையில் முதன்முதலில் அறியப்பட்டவற்றுள் இண்டர்ஃபெரானும் ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

கிளாஸ்கோ நகரில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூத வழித்தோன்றலான குடும்பத்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1944 இல் பட்டம் பெற்றார். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பதைவிட ஆய்வகப் பணியிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது. முதலில் அங்கேயே பாக்டீரியவியல் துறையிலும், 1947 முதல் செஃபீல்டில் ஸ்டுவர்ட்-ஹாரிசிடமும் பணியாற்றினார். இன்ஃபுளுவென்சா தீநுண்மம் அவருடைய ஆய்வுப் பொருளானது செஃபீல்டில்தான்.

1948 இல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்று ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்குச் சென்று, வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் மக்ஃபர்லேன் பர்னெட்டின் கீழ் ஆய்வு செய்தார். தீநுண்மக் குறுக்கீடு என்னும் புதிர் அங்கு அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு தீநுண்மம் தொற்றிய உயிரணுவில் மற்றொரு தீநுண்மம் வளர மறுப்பதே குறுக்கீடு எனப்பட்டது. 1937 இல் ஃபின்ட்லே, மக்கல்லம் ஆகிய இருவரும் குரங்குகளில் இதைக் கண்டிருந்தனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த தீநுண்மம்கூட இவ்வாறு தடுப்பது பின்னர் தெரியவந்தது. செத்த பகைவன் எவ்வாறு வாயிலைக் காக்கிறான் என்பதற்கு அப்போது எவரிடமும் விடையில்லை.

பிரித்தானியா திரும்பிய ஐசக்ஸ், இலண்டனின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். உலக சுகாதார அமைப்பின் உலக இன்ஃபுளுவென்சா மையம் அங்கு இயங்கியது. அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அவர் இந்நிறுவனத்திலேயே கழித்தார்.

இண்டர்ஃபெரான் கண்டுபிடிப்பு

1956 ஆம் ஆண்டில் சூரிக் நகரிலிருந்து லிண்டன்மன் ஓராண்டுப் பயிற்சிக்காக மில் ஹில் வந்தார். அவரும் குறுக்கீட்டில் ஆர்வம் கொண்டவர் என்பது இருவரின் உரையாடலில் தற்செயலாகத் தெரியவந்தது. செயலிழந்த தீநுண்மம் உயிரணுவின் உள்ளே நுழைகிறதா, வெளியே ஒட்டிக்கொண்டிருந்தே தடையை ஏற்படுத்துகிறதா என்று அறிவதே அவர்களின் முதல் நோக்கமாக இருந்தது. இதற்காகச் சிவப்பணுக்களின் வெற்றுச் சவ்வுகளில் தீநுண்மத்தை ஒட்டவைத்துச் சோதித்தனர். இச்சோதனை கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை தரவில்லை. கேட்காத ஒன்றைக் காட்டியது.

கருக்கொண்ட கோழி முட்டையின் சவ்வுத் துண்டுகளை வெப்பமூட்டிய இன்ஃபுளுவென்சா தீநுண்மத்துடன் ஊறவைத்து, நன்கு கழுவி, புதிய உப்புக் கரைசலில் இட்டனர். பின்னர் அக்கரைசலை மட்டும் எடுத்து, தீநுண்மத்தையே கண்டிராத வேறு சவ்வுத் துண்டுகளில் சேர்த்தனர். உயிருள்ள தீநுண்மத்தை அடுத்து இட்டபோது அது அச்சவ்வுகளில் சரிவர வளரவில்லை. ஆக, தடை செய்யும் பொருளை உயிரணுக்களே உண்டாக்கிக் கரைசலில் விட்டிருந்தன. அப்பொருள் வெறும் தீநுண்ம எச்சம் என்று ஐயுற இடமிருந்தது. ஆனால் தீநுண்மத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் அது முறியவில்லை. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் நொதியால் அழிந்தது. குறுக்கிடுவது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இண்டர்ஃபெரான் என்ற பெயர் பிறந்தது. 1957 செப்டம்பரில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் இம்முடிவுகள் வெளியாயின.

சப்பானில் நாகானோ, கோஜிமா ஆகியோர் முயலின் தோலில் இத்தகைய தடைப்பொருள் ஒன்றை 1954 இலேயே விவரித்திருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். பிரெஞ்சு மொழியில் வந்த அக்கட்டுரையைப் பலர் கவனிக்கவில்லை.

புகழும் ஐயமும்

பாக்டீரியங்களுக்குப் பெனிசிலின் போலத் தீநுண்மங்களுக்கு இது மருந்தாகும் என்று செய்தித்தாள்கள் எழுதின. பெனிசிலினின் வணிக உரிமை அமெரிக்காவுக்குப் போய்விட்ட கசப்பு பிரித்தானியாவில் ஆறாதிருந்ததால், இம்முறை காப்புரிமை விரைந்து கோரப்பட்டது. மருத்துவ ஆய்வு மன்றமும் மூன்று மருந்து நிறுவனங்களும் கூட்டாக முயற்சியில் இறங்கின. குரங்கு உயிரணுக்களிலிருந்து எடுத்த இண்டர்ஃபெரானைத் தோலில் செலுத்தினால் பெரியம்மைத் தடுப்பூசித் தீநுண்மம் அவ்விடத்தில் வளராமல் தடுக்கப்படுகிறது என்று 1962 இல் தன்னார்வலர்களிடம் காட்டப்பட்டது.

ஆயினும் தூய இண்டர்ஃபெரான் கைக்கு எட்டவில்லை. உயிரணுக்கள் அதனை மிகமிகச் சிறிய அளவிலேயே உண்டாக்குகின்றன. வேதியியலாளர் டெரெக் பர்க் உடனிருந்து பல ஆண்டுகள் முயன்றும் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஓர் உயிரினத்தின் இண்டர்ஃபெரான் பெரும்பாலும் அவ்வினத்தில் மட்டுமே நன்கு செயல்பட்டதும் பிற ஆய்வகங்களைக் குழப்பியது. அப்படி ஒரு பொருள் இருக்கிறதா என்றே சிலர் ஐயுற்றனர். அமெரிக்க ஆய்வாளர் சிலர் பெயரைத் திரித்துக் கேலியும் செய்தனர். நிறுவ முடியாத ஒன்றை நம்பி உழைத்த ஐசக்சுக்கு இது கடினமான காலம். 1950களின் இறுதியில் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். எனினும் 1961 இல் தீநுண்மவியல் பிரிவின் தலைவரானார்.

அந்நிய நியூக்கிளிக் அமிலம் பற்றிய கருத்து

உயிரணு இண்டர்ஃபெரானை உண்டாக்கத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு 1963 இல் ஐசக்ஸ் துணிவான விடையொன்றை முன்வைத்தார். தனக்கு அந்நியமான நியூக்கிளிக் அமிலத்தை உயிரணு இனங்கண்டுகொள்கிறது. அதுவே தூண்டுதல் என்றார். அவர் காட்டிய சோதனைகள் பிறர் கையில் சீராக அமையாததால் கருத்தும் ஒதுக்கப்பட்டது. இண்டர்ஃபெரான் உயிரணுவின் ஆற்றல் ஆக்கத்தைக் குறைத்துச் செயல்படுகிறது என்ற அவரது மற்றொரு கருத்து உண்மையிலேயே தவறானது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது அக்கால அறிவுலகின் பிழை எனலாம். ஈரிழை ஆர்.என்.ஏ. வலுவான தூண்டி என்பதை ஹில்லமனின் குழு நிறுவியது 1967 இல். அதற்குச் சில மாதங்கள் முன்பே ஐசக்ஸ் இறந்துவிட்டார். ஈரிழை ஆர்.என்.ஏ.வை இனங்காணும் ஏற்பிகளுள் ஒன்று 2001 இல் அறியப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

1949 இல் அவர் சூசன்னா ஃபாஸ் என்னும் மருத்துவரை மணந்திருந்தார். 1964 இல் மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டு உடல்நலம் குன்றியது. மீண்டு வந்தபின் இண்டர்ஃபெரான் ஆய்வை மட்டும் கவனித்தார். 1966 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அடுத்த ஆண்டு சனவரியில், 45 ஆம் அகவையில் காலமானார்.

பிற்கால வளர்ச்சி

இண்டர்ஃபெரான் ஒரே புரதமன்று, ஒரு குடும்பம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1970களில் பின்லாந்தின் காரி காண்டெல் குருதிக் கொடையில் கிடைத்த வெள்ளையணுக்களிலிருந்து அதனைப் பெருமளவில் தயாரித்தார். தூய வடிவம் 1970களின் இறுதியிலும், மரபணுப் படியாக்கம் 1980 ஆம் ஆண்டை ஒட்டியும் கைகூடின. ஐயத்துக்கு அதன்பின் இடமில்லாது போயிற்று.

இண்டர்ஃபெரான் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், உட்புறத்தில் ஜாக் நொதிகள் விழித்து ஸ்டாட் புரதங்களைச் செயலூக்குகின்றன. அவை உட்கருவுக்குள் சென்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. தீநுண்மத்தைத் தடுப்பது இதன் ஒரு பயன் மட்டுமே. நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் வளர்ச்சியும் முதிர்ச்சியும் இச்சமிக்ஞையைச் சார்ந்துள்ளன. ஆல்ஃபா, பீட்டா வகைகள் இயற்கைக் கொல்லி உயிரணுக்களின் திறனைக் கூட்டுகின்றன. கிளையுரு உயிரணுக்கள் முதிர உதவுகின்றன. பி உயிரணுக்கள் எதிர்ப்பொருள் ஆக்கத் துணைபுரிகின்றன. டி உயிரணுக்களும் இயற்கைக் கொல்லி உயிரணுக்களும் சுரக்கும் காமா வகை, பெருவிழுங்கிகளை ஊக்குவித்து, துணை டி உயிரணுக்கள் எவ்வகையாக வளர வேண்டும் என்பதையும் திருப்பிவிடுகிறது. இச்சமிக்ஞை மிகுந்தாலும் தீங்கே. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயில் இண்டர்ஃபெரானின் மிகைச் செயல்பாடு காணப்படுகிறது. மறுபுறம், கடுமையான கோவிட்-19 நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் தம் சொந்த இண்டர்ஃபெரானையே முறிக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன என்று 2020 இல் கண்டறியப்பட்டது.

மருந்தாக, ஆல்ஃபா வகை ஒருவகைக் குருதிப் புற்றுநோய்க்கு 1986 இலும், பீட்டா வகை தண்டுவட மரப்பு நோய்க்கு 1993 இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. கல்லீரல் அழற்சி சி நோய்க்கும் ஆல்ஃபா வகை நெடுங்காலம் முதன்மை மருந்தாக இருந்தது. 2010களில் நேரடித் தீநுண்ம எதிர்ப்பு மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

சூரிக் திரும்பிய லிண்டன்மன், இன்ஃபுளுவென்சாவை எதிர்க்கும் எலியினம் ஒன்றை ஆராய்ந்தார். அவ்வெதிர்ப்புக்குக் காரணமான மரபணு இண்டர்ஃபெரானால் இயக்கப்படுவது என்று பின்னர் தெரிந்தது. அவர் 2015 இல் மறைந்தார். இண்டர்ஃபெரானைக் கண்டறிந்ததற்காக இருவருள் எவருக்கும் நோபல் பரிசு வழங்கப்படவில்லை.