மணல் காத்த வரலாறு

பெரு நாட்டின் தென்கடற்கரையில் பராக்காஸ் என்னும் பாலைநிலம் இருக்கிறது. மழை அறியாத மண், ஓயாத காற்று. முதுகில் மூட்டை சுமந்து அங்கே நடப்போர் இன்று பலர். இன்காக்களுக்கும் முந்திய பண்பாடு ஒன்று அம்மணலுள் உறங்கியதை உலகறியச் செய்தவர் ஹூலியோ தெய்யோ.

1880-இல் வரோச்சிரி என்னும் மலைநாட்டில் பிறந்தார். வீட்டுமொழி கெச்சுவா. சிறுவயதிலேயே லிமா நகருக்குப் படிக்க வந்தார். மருத்துவம் கற்று, 1911-இல் ஹார்வர்டில் மானிடவியல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அறிவியல் மாணவனாகிய என்னை ஈர்ப்பது அவர் ஆய்வு முறை. தம் வட்டாரத்துப் பழைய மண்டையோடுகளில் துளைகளைக் கண்டார். துளையோரத்தில் எலும்பு மீண்டும் வளர்ந்திருந்தால், அறுவைக்குப் பின்னும் அம்மனிதன் உயிர் வாழ்ந்தான் என்பது தெளிவல்லவா?

1925-இல் பராக்காஸ் இடுகாடுகளைக் கண்டறிந்தார். 1927-இல் அங்கே துணி சுற்றிய 429 பிணப்பொதிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் நூலின் நிறம் மங்கவில்லை. ஈரமற்ற மணல் காத்திருந்தது.

நாகரிகம் வெளியிலிருந்து வந்ததென்றனர் சிலர். இம்மண்ணில் முளைத்ததே என்று வாதாடினார் அவர். சாவின் பண்பாடே அனைத்துக்கும் தாய் என்ற அவர் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் திருத்தின. அடிப்படை வாதமோ நிலைத்தது.

1947-இல் மறைந்தார். லிமாவில், தாம் வளர்த்த அருங்காட்சியக வளாகத்திலேயே துயில்கிறார்.

நண்பர்களே, நாமும் ஊர்விட்டு வந்து கற்கிறோம். கற்றதைக் கருவியாக்கித் தம் முன்னோர் மண்ணைத் தோண்டினார் அவர். நம் கருவி எம்மண்ணுக்குப் பயன்படப் போகிறது?