அன்றன்று கிடைத்த ஆகாரம்
பண்டித ரமாபாய் (1858–1922)

பசியின் கொடுமையை ரமாபாய் இளம் வயதிலேயே அறிந்திருந்தார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருதப் பண்டிதர். குடும்பத்தோடு புண்ணியத் தலங்கள்தோறும் சென்று புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையால் வாழ்ந்துவந்தார். 1870களில் வந்த பஞ்சத்தில் தந்தை, தாய், சகோதரி மூவரும் மரித்தனர். ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசனும் அலைந்து திரிந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைச் சூட்டினர்.

இழப்புகள் அதோடு முடியவில்லை. 1880இல் அண்ணனும், 1882இல் கணவரும் மறைந்தனர். கையில் மகள் மனோரமாவோடு 1883இல் இங்கிலாந்து சென்ற ரமாபாய், அவ்வாண்டு செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். பின்பு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நண்பர்கள் பத்து ஆண்டுகள் உதவுவதாக வாக்களித்தனர். அதைக்கொண்டு 1889 மார்ச் 11 அன்று பம்பாயில், இளம் விதவைகளுக்காகச் சாரதா சதன் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேவுக்கு மாறியது.

அந்த உதவி 1898இல் முடிவடைய வேண்டும். எனவே கேட்காவ் கிராமத்தில் நிலம் வாங்கிப் பழமரங்களை நட்டார். கனிகளை விற்றுப் பள்ளியை நடத்தலாம் என்பது அவரது எண்ணம். ஆனால் 1896இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. பட்டினியால் தவித்த சிறுமிகளும் விதவைகளும் தீயவர் கைகளில் சிக்கினர்.

ஜார்ஜ் முல்லர், ஹட்சன் டெய்லர் ஆகியோரின் வரலாறுகளை வாசித்தபோதே, அவர்கள் நம்பிய தேவனை இந்தியாவிலும் அவ்வாறே நம்பலாகாதா என்னும் கேள்வி அவருள் எழுந்திருந்தது. இப்போது அதற்கு வாழ்க்கையால் விடையளிக்க வேண்டிய வேளை வந்தது. கையில் இருந்ததோ சொற்பப் பணம். வாக்களிக்கப்பட்ட உதவியோ சாரதா சதனுக்கு உரியது. எனினும் போகும்படி கர்த்தர் ஏவுகிறார் என்று உணர்ந்தவர் தாமதிக்கவில்லை. பஞ்சப் பகுதிகளுக்குச் சென்று ஏறக்குறைய 300 பேரை அழைத்துவந்தார். பழமரங்களுக்கென்று வாங்கிய நிலமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அதுவே முக்தி மிஷன்.

1900ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்திற்குப் பின் அங்கிருந்தோர் தொகை 1,500ஐ எட்டியது. வங்கியில் சேமிப்பு இல்லை. நிலையான வருமானமும் இல்லை. அன்றன்றைய தேவைக்காக அன்றன்று ஜெபித்தனர்; தேவைகள் சந்திக்கப்பட்டன. ஆயினும் ஜெபித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. உழுதனர், நெசவு நெய்தனர், எண்ணெய் ஆட்டினர், அச்சுக்கோத்தனர். பார்வையற்ற பெண்களும் கல்வி கற்றனர்.

விசுவாசம் அவரைத் துயரத்திற்கு விலக்கி வைக்கவில்லை. தமக்குப்பின் ஊழியத்தை நடத்துவார் என்று நம்பிய மனோரமா 1921இல் மரித்தார். அந்தத் துக்கத்திலும் எபிரெய, கிரேக்க மூலங்களிலிருந்து மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் பணியை நிறைவேற்றிவிட்டு, 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அருமையானவர்களே, தேவைகள் எல்லாம் கைக்கு வந்தபின் கீழ்ப்படியலாம் என்று நாம் காத்திருக்கிறோம். ரமாபாயோ முதலில் கீழ்ப்படிந்தார். பின்பே களஞ்சியம் திறந்ததைக் கண்டார். மரங்கள் கனி தரும்வரை அவர் காத்திருந்தால் அந்த 300 பேர் என்னவாகியிருப்பார்கள்? கர்த்தர் இன்று உங்களிடம் சொல்லியிருப்பது என்ன? எதற்காக இன்னும் காத்திருக்கிறீர்கள்?